டேட்டா சயின்ஸ் இளநிலைப் படிப்பு: சேரும் முன்பே நடக்கும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஓடும் கேள்வி, "கம்ப்யூட்டர் சயின்ஸா, ஏஐ-டேட்டா சயின்ஸா?" என்பதுதான். கேள்வியிலேயே பாதித் தவறு இருக்கிறது. எல்லோரும் ப்ராஞ்சின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் எட்டு செமஸ்டரிலும் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிள்ளையின் நான்கு வருடமும், பல வீடுகளில் நகையை வைத்துப் புரட்டிய பணமும் போகிற விஷயம் இது. ஒரு செல்போன் வாங்கும்போது விசாரிக்கிற அளவாவது விசாரிக்க வேண்டாமா?

டேட்டா சயின்ஸ் என்பது, குவிந்து கிடக்கும் தரவுகளை அலசி அவற்றிலிருந்து விடை காணும் படிப்பு. தமிழ்நாட்டில் மட்டும் இந்தப் படிப்புக்கு எத்தனை பெயர் என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.டெக். செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல். மாணவர்கள் வாயில் அது ஏஐ-டிஎஸ். சில கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் என்று போட்டு, பக்கத்தில் டேட்டா சயின்ஸ் என்று சேர்த்திருப்பார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஓரிடத்தில் புள்ளியியல் மூன்று, நான்கு பாடங்களாக வரும். இன்னோரிடத்தில் ஒரே பாடத்தோடு முடிந்து, மீதியெல்லாம் வழக்கமான கம்ப்யூட்டர் சயின்ஸாகவே இருக்கும். சில இடங்களில் மென்பொருள் இயக்கக் கற்றுத் தருவதோடு சரி.

சிலபஸைப் படித்தால் நமக்குப் புரியுமா என்று பெற்றோர் தயங்குகிறார்கள். ஒரு சுலபமான வழி இருக்கிறது. எம்.டெக். போன்ற மேற்படிப்புகளுக்கான தேசிய அளவிலான கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனித் தாள் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தில் ஏழு பகுதிகள்: நிகழ்தகவும் புள்ளியியலும், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதமும் உகமமாக்கலும் (ஆப்டிமைசேஷன்), நிரலாக்கமும் அல்காரிதமும், தரவுத்தளம், மெஷின் லேர்னிங் (தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை), செயற்கை நுண்ணறிவு. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கல்லூரியின் சிலபஸில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பாடம் வருகிறது என்று பக்கத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. எந்தப் பகுதிக்கு எதிரே காலியாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் இது கிடைக்காது.

அந்த ஏழில் முதல் மூன்றும் கணக்கு. இங்கேதான் இரண்டாவது தவறு. "கணக்கு வராது, அதனால் டேட்டா சயின்ஸ் எடுக்கிறேன், அது கம்ப்யூட்டர்தானே" என்று சேர்கிற பிள்ளைகள் நிறையப் பேர். இரண்டாம் ஆண்டில் திணறுவதும் பெரும்பாலும் இவர்கள்தான். பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதும். ஒரு எண்ணைப் பார்த்து அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்தறிய வருடக்கணக்காகும். அந்தப் பழக்கத்தைத் தருவது புள்ளியியல்தான்.

ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன். 1973இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். பெண்களை ஒதுக்குகிறார்கள் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலான துறைகளில் அப்படி ஒரு பாகுபாடு தெரியவில்லை. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். அதனால்தான் மொத்தக் கணக்கில் அவர்களுடைய சதவீதம் இறங்கியது. 1975இல் சயின்ஸ் இதழில் வந்த இந்த ஆய்வை இன்றைக்கும் புள்ளியியல் வகுப்புகளில் நடத்துகிறார்கள். கணினியிடம் அந்த அட்டவணையைக் கொடுத்தால் சதவீதத்தை நொடியில் போட்டுத் தரும். துறைவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதுதான் படிப்பு. "ஏஐ-யே கோட் எழுதுகிறதே, இனி இந்தப் படிப்பு எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். எழுதித் தந்த கோட் சரியான கேள்விக்கு விடை சொல்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

கணக்கில் மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் அடித்தளம் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சில பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு நேரே பன்னிரண்டுக்குப் போய்விடுகிறார்கள். நம் மாநிலப் பாடநூலில் அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், நிகழ்தகவு அறிமுகம் எல்லாம் பதினோராம் வகுப்பில்தான் இருக்கின்றன. கல்லூரி முதல் செமஸ்டர் அங்கிருந்துதான் தொடங்கும். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவே கிடைக்கிற வாரங்களில், காசு கட்டி மெஷின் லேர்னிங் சான்றிதழ் வகுப்புக்குப் போவதைவிட அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தைப் போட்டுப் பார்ப்பது நூறு மடங்கு பயன் தரும். வணிகக் கணிதம் படித்த மாணவர்களைச் சில கலை அறிவியல் கல்லூரிகள் பி.எஸ்சி. டேட்டா சயின்ஸில் சேர்த்துக்கொள்கின்றன. அவர்களுக்கு இந்தத் தயாரிப்பு இன்னும் அவசியம்.

"ரிசல்ட் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பதும் பெரிய இழப்பு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் இளநிலைப் படிப்புக்கும் தேர்வு எழுதியாக வேண்டும். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருகிறார்கள். அதே நிறுவனம் 2024இல் புள்ளியியல் தரவு அறிவியலுக்கென்றே ஓர் இளநிலைப் படிப்பையும் தொடங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் பொதுத்தேர்வு நடக்கும் சமயத்திலேயே வந்து, ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். கணக்கில் கெட்டியான பிள்ளைகள் பெயர்கூடக் கேள்விப்படாமல் இந்த வாய்ப்பைத் தவறவிடுவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரிலேயே ஒரு காலண்டரில் இந்தத் தேதிகளைக் குறித்து வைக்கும் வேலையைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

டேட்டா சயின்ஸ் என்ற பெயர் பட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் அல்லது கணிதம் படித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் டேட்டா சயின்ஸுக்குப் போகிற வழி நன்றாகவே இருக்கிறது. ஃபீஸும் குறைவு. சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்லப் பெருமையாக இருக்காதோ என்பது மட்டும்தான் பலருக்குத் தடை.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உலவுகின்றன. ஜேஇஇ இல்லாமல் ஐஐடி பட்டம், அதனால் சுலபம் என்று ஒரு கட்சி. ஆன்லைன்தானே, மதிப்பிருக்காது என்று இன்னொரு கட்சி. இரண்டும் சரியில்லை. சேருவதற்கு ஜேஇஇ வேண்டாம் என்பது உண்மை. ஆனால் முதலில் தகுதிச் சுற்றில் நான்கு வாரப் பாடங்களைப் படித்து, தேர்வு எழுதித் தேற வேண்டும். பாடம் ஆன்லைனில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளுக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., நான்காண்டு பி.எஸ். என்று படிப்படியாகப் போகிற அமைப்பு. நடுவில் நிறுத்தினாலும் அந்த நிலைக்குரிய சான்றிதழ் கையில் இருக்கும். இது பி.டெக். அல்ல என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022இல் அனுமதித்த பிறகு, இன்ஜினியரிங்கோடு இதையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தினமும் மூன்று மணி நேரம் கல்லூரிப் பேருந்தில் கழிகிற பிள்ளையால் இரண்டையும் இழுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியாதென்றால் ஒரு செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுத்து மெதுவாகப் போகலாம், அதற்கும் அங்கே இடம் உண்டு.

இனி, பிளேஸ்மென்ட் சதவீதம். விளம்பரப் பலகையில் "90% பிளேஸ்மென்ட்" என்று பார்த்தவுடன் நம்பிவிடுகிறோம். எதில் தொண்ணூறு என்று கேட்பதில்லை. உதாரணத்துக்கு, ஒரு ப்ராஞ்சில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரியர் இருக்கிறவர்கள், 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறவர்கள், மேற்படிப்புக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரையும் கழித்து, "தகுதியானவர்கள்" 70 பேர் என்கிறார்கள். வந்த வேலை ஆஃபர்கள் 63. 63ஐ 70ஆல் வகுத்தால் 90 சதவீதம். ஆனால் ஒருவருக்கே இரண்டு, மூன்று ஆஃபர் வந்திருக்கும். ஆள் கணக்கில் பார்த்தால் 45 பேர். 120இல் 45 என்றால் 37.5 சதவீதம். யாரும் பொய் எண் போடவில்லை, வகுத்த எண்ணை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கல்லூரிக்குப் போகும்போது இப்படிக் கேளுங்கள்: முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது எவ்வளவு. அதிகபட்ச பேக்கேஜைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது ஒரே ஒருவருடைய சம்பளம். கிடைத்த வேலை டேட்டா சம்பந்தப்பட்டதா, கால் சென்டரா என்பதையும் முடிந்தால் அங்கே படித்து முடித்த இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.

அங்கீகாரத்திலும் இதே கவனம் வேண்டும். நாக் என்ற தரச் சான்று முழுக் கல்லூரிக்குத் தருவது. என்.பி.ஏ. என்ற அங்கீகாரம் ப்ராஞ்ச் வாரியாகத் தருவது. நுழைவாயிலில் என்.பி.ஏ. என்று எழுதியிருந்தால், எந்த ப்ராஞ்சுக்கு என்று பாருங்கள். மெக்கானிக்கலுக்கு வாங்கிய அங்கீகாரம் ஏஐ-டிஎஸ்ஸுக்குப் பொருந்தாது. புதிதாகத் தொடங்கிய ப்ராஞ்ச் என்றால் புள்ளியியலை யார் நடத்துகிறார், அவர் அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரா என்றும் கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை, பணம் கட்டுவது நீங்கள்.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது பயம் வந்துவிடுகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு, போன வருடக் கணக்கோடு ஒப்பிட்டு, "இது நமக்குக் கிடைக்காது" என்று நல்ல கல்லூரியைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடுகிறார்கள். இடம் ஒதுக்குவது ரேங்க் வரிசையிலும், நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையிலும்தான். மேலே வைத்தது கிடைக்காவிட்டால் கீழே இருப்பதற்கான வாய்ப்பு குறைந்துவிடாது. மனசுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள், நிறையப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, கிடைத்ததை வைத்துக்கொண்டே மேலே இருப்பதற்குக் காத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. அந்தத் திரையில் அவசரப்பட்டு பிரவுசிங் சென்டர்காரர் சொன்னதை அழுத்திவிடாதீர்கள்.

கல்விக்கடன் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டுவிட்டு, அதுவரை வட்டியே ஏறாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குவதற்கு முன், அதே ஊரில் அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அந்தச் சான்றிதழ்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

கடைசியாக, ப்ராஜெக்ட். இதை நான்காம் ஆண்டு விஷயம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அப்போது அவசரத்தில், இணையத்தில் தயாராகக் கிடைக்கும் பயிற்சித் தரவை வைத்து எல்லோரும் செய்வது ஒன்றுதான்: டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள், ஐரிஸ் பூ எந்த வகை. ஐரிஸ் அட்டவணை 1936இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள். கற்றுக்கொள்ள நல்லதுதான், ஆனால் நேர்காணல் செய்பவர் அதை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். நம் ஊர்த் தரவை எடுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. பல வருட எண்களை இறக்கி ஒரே அட்டவணையில் சேர்த்தால், முதல் நாளே சிக்கல் வரும். சில தேதிகளில் கட்டம் காலியாக இருக்கலாம், சில தேதிகளில் பூஜ்யம் இருக்கலாம். 2019 கோடையில் ஏரிகள் உண்மையிலேயே வறண்டு கிடந்தன, அப்போது பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். வேறொரு வருடம் மழைக்காலத்தில் பூஜ்யம் வந்தால், அன்று யாரோ எண்ணைப் பதியாமல் விட்டிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு சராசரி போட்டால் விடை கெட்டுப்போகும். எதை வைப்பது, எதை நீக்குவது, ஏன் என்று ஒவ்வொரு முடிவையும் நோட்டில் எழுதி வைத்த மாணவரிடம் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும். இதற்கு நான்காம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு நிகழ்தகவுப் பாடம் முடிந்த விடுமுறையிலேயே, ஒரு சாதாரண லேப்டாப்பில் தொடங்கிவிடலாம்.