ஒட்டாருவில் ஒரு பனிக்கால நாள்: எங்கே இறங்குவது, எப்படி நடப்பது

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இருக்கிறது ஒட்டாரு என்ற சிறிய துறைமுக நகரம். தீவின் தலைநகரான சப்போரோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதன்முறை போகிறவர்கள் ஊரைத் தலைகீழ் வரிசையில் சுற்றி, அதன் பெயர்பெற்ற கால்வாயை முதலிலேயே உச்சிவெயிலில் பார்த்து ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

1. முதலில் காலணி. மிதிபட்டு இறுகிய பனி கண்ணாடிபோல் வழுக்கும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை அங்குள்ள கடைகளிலேயே கிடைக்கும். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதையும் பதித்து நடக்க வேண்டும்.

2. மதியம் கிளம்புங்கள். ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வழியில் ஜெனிபாக்கோ நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும்.

3. ஒட்டாரு நிலையத்துக்கு முந்தைய மினாமி ஒட்டாருவில் இறங்குங்கள். முழு ரகசியமும் இதில்தான். அங்கிருந்து சரிவில் இறங்கினால் சகாய்மாச்சி தெரு வந்துவிடும். கண்ணாடிக் கடைகள் வரிசையாக நிற்கும். ஹெர்ரிங் மீன் கொழித்த காலத்தில் வலைகளுக்குக் கண்ணாடி மிதவைகள் செய்த ஊர் இது. அந்தக் கைத்தொழில்தான் இன்று கோப்பையும் விளக்குமாக விற்பனைக்கு இருக்கிறது. கிதாஇச்சி கண்ணாடிக் கடையின் பழைய கிடங்கில் 167 எண்ணெய் விளக்குகள் எரியும் தேநீர்க்கூடம் உண்டு. குளிர்காய அதைவிட நல்ல இடம் இல்லை. அருகிலுள்ள, நீராவியால் ஒலிக்கும் கடிகாரத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

4. பிப்ரவரியில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாயும். டிசம்பரில் இன்னும் முன்னதாக. அதற்குள் கால்வாய்க்கு வந்துவிடுங்கள். 1923-இல் முடிந்த இந்தக் கால்வாய் நிலத்தைத் தோண்டியது அல்ல. கடலோரத்தைத் தூர்த்து, இடையில் விட்டுவைத்த நீர். அதனால்தான் வளைந்து கிடக்கிறது. பின்னாளில் சாலைக்காகப் பெரும்பகுதியில் பாதி அகலத்தை மூடிவிட்டார்கள். எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டதும் கரையோரக் கிடங்குகளின் கூரைப்பனி மஞ்சளாகும். கூட்டம் பாலத்தருகே முண்டியடிக்கட்டும். நீங்கள் வடக்கே நடந்துகொண்டே இருங்கள். அங்கே பழைய 40 மீட்டர் அகலம் அப்படியே இருக்கிறது, ஆள் நடமாட்டமும் குறைவு.

5. பிப்ரவரியில் பனி விளக்கு விழா நடக்கும். அப்போது கால்வாய் நீரில் அதே கண்ணாடி மிதவைகள் மெழுகுவர்த்தியைச் சுமந்து மிதக்கும். விரல் விறைக்கும் முன் படமெடுத்துவிட்டு, மேட்டில் ஏறி ஒட்டாரு நிலையத்தில் ரயிலைப் பிடியுங்கள்.