கீசெயின் டார்ச்: மலையில் இருப்பவர்கள் செய்யக்கூடாத தப்புகள்

கோத்தகிரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கும் டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சார்ஜர் ஒயர் செருகுகிற சாமான் எதுவானாலும் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வரும். டிரிம்மர், புளூடூத் ஸ்பீக்கர், பிள்ளைகளின் பொம்மை கார் எல்லாம் வரும். இப்போது அந்த வரிசையில், சாவிக்கொத்தில் தொங்கும் கட்டைவிரல் அளவு சார்ஜபிள் டார்ச்சும் சேர்ந்துவிட்டது. கடைசி பஸ்ஸில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குள் லைன் வீட்டுக்கு நடக்கிறவர்கள், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்ற வேண்டும் என்று நடுராத்திரியில் கேரட் பிடுங்கக் கிளம்புகிறவர்கள், பால் ஊற்றப் போகிறவர்கள் என்று எல்லார் கையிலும் ஒன்று இருக்கிறது.

நல்ல சாமான்தான். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள், இந்தத் தொழிலில் இருக்கிற நாங்கள் ஒரு காலத்தில் செய்து சூடுபட்ட அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கீழே போடாதே, வாளியில் முக்காதே என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் யாருக்கும் தெரியும்.

லூமன் எண்ணைப் பார்த்து வாங்குவது

லூமன் என்பது டார்ச் தரும் வெளிச்சத்தின் அளவு. அட்டையில் 300 லூமன், 500 லூமன் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இந்த அளவு டார்ச்சுகள் பலவற்றில் உள்ளே இருப்பது 130 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது 0.13 ஆம்பியர் ஹவர் பேட்டரி. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அரை வாட் ஹவர்கூட வராது. 300 லூமன் தர எல்.இ.டி.க்குச் சுமார் 3 வாட் வேண்டும். அப்படியானால் முழு வெளிச்சத்தில் பத்து நிமிஷம் தாங்கினாலே பெரிது. அதற்கு முன்பே சூடு தாங்காமல் டார்ச் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்புறம் எப்படி அட்டையில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்? பொய் என்று சொல்ல முடியாது. எஃப்.எல். 1 என்று அமெரிக்காவில் 2009-ல் வந்த ஓர் அளவுமுறை இருக்கிறது. அதன்படி லூமனை அளப்பது, ஆன் செய்த 30 வினாடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள். எரியும் நேரத்தைக் கணக்கிடுவதோ, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவீதமாகக் குறையும் வரை. நடுவில் எவ்வளவு நேரம் மங்கலாக எரிந்தாலும் அதுவும் கணக்கில் சேரும்.

தூரக் கணக்கும் அப்படித்தான். 60 மீட்டர் என்று போட்டிருந்தால், 60 மீட்டரில் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம் விழும் என்று அர்த்தம். மஞ்சு, அதாவது மூடுபனி இறங்கிய ராத்திரியில், கறுத்த காட்டுமாடு தேயிலைப் புதருக்கு நடுவே நின்றால் அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கீசெயின் டார்ச் காலடியைப் பார்க்க மட்டும்தான். கரடியும் மாடும் நடமாடுகிற பாதையென்றால் பெரிய டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆகவே வாங்கும்போது அதிகபட்ச லூமனை விட்டுவிட்டு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். பாதைக்கு 15, 20 லூமன் தாராளம். கரண்ட் போன வீட்டுக்குள் 1 லூமன் போதும், தூங்குகிற குழந்தை முழிக்காது. ஆன் செய்ததும் நேராக உச்ச வெளிச்சத்தில் எரிகிற மாடலை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

மஞ்சைப் பற்றி இன்னொன்று. மஞ்சள் வெளிச்சம் மஞ்சைக் கிழித்துக்கொண்டு போகும் என்பார்கள். மஞ்சின் நீர்த்துளிகள் ஒளியலையை விடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் அவை ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். டார்ச்சைக் கண்ணருகே உயர்த்திப் பிடித்தால் எந்த நிறமானாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள், பாதை தெரியும்.

ஈரத்தோடு சார்ஜ் போடுவது

இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

என்னிடம் வருகிற டார்ச்சுகளில் பெரும்பாலானவை "பேட்டரி போயிருச்சுங்க" என்று சொல்லித்தான் வரும். மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி நன்றாக இருக்கும், போயிருப்பது சார்ஜிங் போர்ட், அதாவது ஒயர் செருகுகிற ஓட்டை. போர்ட்டைத் தின்றது மழை என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழையில் எல்லாரும் சாமானை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரப்படுத்திவிடுவார்கள். மஞ்சுக்கு யாரும் பயப்படுவதில்லை. சட்டை நனையாது, டார்ச்சின் மேல் சொட்டு நிற்காது. ஆனால் போர்ட்டுக்குள் ஈரம் படிந்திருக்கும்.

அது போதாதென்று, குளிரில் கையில் பிடித்து வந்த டார்ச்சோடு நேராக அடுப்படிக்குள் நுழைகிறோம். கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே கால் வைத்ததும் கண்ணாடி மங்கிவிடும். அதே நீர் டார்ச்சின் குளிர்ந்த உலோகத்தின் மேலும், போர்ட்டுக்குள் இருக்கிற பின்கள் என்ற சின்ன உலோக முனைகள் மேலும் படியும். சரியாக அந்த நேரத்தில்தான் ஒயரைச் செருகுகிறார்கள். வந்ததும் சார்ஜ் போட்டுவிட வேண்டும் என்பது செல்போனில் பழகிய பழக்கம்.

செருகியதும் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (நெகட்டிவ் பின்) நடுவே ஈரம் இருக்கிறது. கை வேர்வையின் உப்பும் அதில் கலந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்புதான் அங்கே நடக்கிறது. பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மேல்பூச்சு போனதும் கீழே இருக்கும் செம்பு பச்சை கட்டும். லென்ஸில் பார்த்தால் மற்ற பின்கள் பளபளப்பாக இருக்கும், 5 வோல்ட் பின் மட்டும் கறுத்து, ஓரத்தில் பச்சைப் பொடியோடு பாதி காணாமல் போயிருக்கும். அதற்குப் பிறகு தொடர்பு சரியாகக் கிடைக்காது. சார்ஜ் போட்டால் அந்த இடம் மட்டும் சுடும், ஒயர் முனை உருகும்.

போனாக இருந்தால் பழைய போர்ட்டைக் கழற்றிப் புதுப் போர்ட் வைத்துவிடுவேன். இந்தக் குட்டி டார்ச்சுகளில் பலவற்றை பசை வைத்து அழுத்தி மூடியிருப்பார்கள். உடைக்காமல் திறக்க முடியாது, உடைத்தால் மறுபடி மூட முடியாது. பத்து, இருபது ரூபாய் போர்ட்டுக்காக ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் டார்ச்சைக் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

"ஐ.பி.எக்ஸ். 8 போட்டிருக்கே அண்ணா" என்று கேட்பார்கள். அந்த எண் சொல்வது, நல்ல தண்ணீரில் முக்கினால் டார்ச்சின் உள்ளே நீர் போகாது என்பதை. ரப்பர் மூடி உள்ள மாடலென்றால் மூடியிருக்கும்போது மட்டும்தான் அதுவும். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் வெளியே இருக்கிற பின்கள் என்ன ஆகும் என்பதற்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

கேத்திப் பக்கம் கேரட் வேலைக்குப் போகிற தம்பி ஒருவர், ஒரே வருஷத்தில் இரண்டாவது டார்ச்சைக் கொண்டுவந்தார். ரப்பர் மூடியைத் தூக்கினால் உள்ளே செம்மண், ஸ்வெட்டர் பாக்கெட்டின் கம்பளி நூல், அது குடித்து வைத்திருந்த ஈரம். "தண்ணியில போடவே இல்லீங்களே" என்றார். லென்ஸைக் கொடுத்துக் கறுத்த பின்னைக் காட்டினேன். மின்னாற்பகுப்பு வரைக்கும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். பிறகு டார்ச்சைக் கையில் வாங்கி, போர்ட்டுக்குள் "ஃபூ" என்று ஊதினார். வாய்க்காற்றில் இருப்பது முழுக்க ஈரம்!

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, போர்ட் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். துணியால் வெளியே துடைத்துவிட்டு, காற்றாடும் இடத்தில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். சார்ஜ் போடுவதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இந்த ஒரு மாற்றமே போதும். நூலும் மண்ணும் இருந்தால் காய்ந்த டூத் பிரஷ். விடாப்பிடியான அழுக்கென்றால் பிரஷ் நுனியில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலரவிடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். அரிசியில் புதைத்தால் அரிசித் தூள்தான் உள்ளே போகும். அடுப்பு மேடையிலோ ஹீட்டர் முன்னாலோ காயவைத்தால் போர்ட் பிழைக்கலாம், பேட்டரி பிழைக்காது.

திருகுக்குத் தேங்காய் எண்ணெய்

24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெயை ஊட்டிக் குளிரில் மூடியின் திருகில் போட்டுவிட்டு, மூடி திறக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள். சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள்.

உறைபனிக் காலையில் காருக்குள் சார்ஜ் போடுவது

தலைக்குந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். ராத்திரி முழுக்க வெளியே நின்ற காரில் கிடந்த டார்ச்சை, வண்டி எடுத்ததும் சார்ஜில் போடுகிறார்கள். 0 டிகிரிக்குக் கீழேயும் லித்தியம் பேட்டரியில் டார்ச் எரியும், மங்கலாக எரிந்தாலும் பேட்டரி கெடாது. ஆனால் அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரியின் மின்முனைக்குள் போக முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது முழுதாகத் திரும்பக் கரையாது, கொள்ளளவு குறையும், முற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சட்டைப் பையில் வைத்து உடம்புச் சூடு ஏறிய பிறகு போடுங்கள்.

"புது சார்ஜர்ல ஏற மாட்டேங்குது"

இரண்டு முனையும் டைப் சி ஒயரில் போட்டிருப்பீர்கள். டார்ச்சுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் அந்தச் சார்ஜர் கரண்ட்டே விடும். விலை குறைந்த மாடல்களில் அதைச் சேமித்துவிடுகிறார்கள். ஒருபக்கம் பழைய செவ்வக யூ.எஸ்.பி. முனை இருக்கிற ஒயரில் போட்டால் ஏறிவிடும். டார்ச் நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கி எறியாதீர்கள்.

பேட்டரி மாற்ற முடியுமா என்று கேட்காமல் வாங்குவது

தினமும் பயன்படுத்துகிறவராக இருந்தால் கேட்டே ஆகவேண்டும். 10440 என்ற பேட்டரி போடுகிற டார்ச்சுகள் இருக்கின்றன. 10 மில்லிமீட்டர் தடிமன், 44 மில்லிமீட்டர் நீளம், பார்க்க ரிமோட்டில் போடுகிற ஏ.ஏ.ஏ. பேட்டரி மாதிரியே இருக்கும். போர்ட் போனாலும் பேட்டரியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போடலாம், அந்தச் சார்ஜர் லித்தியத்துக்கானதாக இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் கொஞ்சம் நீளமாகத் தொங்கும், பொறுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் அளவு பொருந்துகிறதே என்று 3.7 வோல்ட் 10440-ஐப் போட்டால் உள்ளே புகைந்துவிடும்.

பீரோவில் வைத்து மறப்பது

சுத்தமாகத் தீர்ந்தபின் வைக்காதீர்கள், முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள். பாதி சார்ஜ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை. 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியை எழுப்பித் தரச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. உள்ளே செம்பு கரைந்து எங்கே படிந்திருக்கிறதென்று வெளியே இருந்து தெரியாது.

பாக்கெட்டுக்குள் எரிவது

பட்டன் தானாக அழுந்தி எரியாமல் தடுக்கிற லாக் இல்லாத மாடல் வேண்டாம்.

உப்பிய பேட்டரி

டார்ச்சின் உடம்பு ஒருபக்கம் புடைத்தாலோ, மூட்டு வாய் பிளந்தாலோ அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்திப் பார்க்கவே கூடாது. இலைச் சருகோடு சேர்த்துக் கொளுத்துகிற குப்பையில் அது போனால் வெடிக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு என்று 2022-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அதற்கு எங்கே அலைவது என்றால் பக்கத்தில் இருக்கிற சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். என் கடையில் அதற்கென்று மண் போட்ட தகர டப்பா ஒன்று இருக்கிறது, கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகலாம்.