ஜிஎஸ்டி பில் போடும் 300 லைன் மெத்தடைப் பிரிப்பது எப்படி?

பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவதுதான் என் வேலை. பழைய ஜாவா கோடு எதைத் திறந்தாலும் ‘ப்ராசஸ்இன்வாய்ஸ்’ என்ற பெயரில் ஒரு மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் கோடு தொகுப்பு) உட்கார்ந்திருக்கும். பொருட்களைக் கூட்டுவது, தள்ளுபடி கழிப்பது, ஜிஎஸ்டி போடுவது, ரவுண்ட் செய்வது, ஸ்டாக்கைக் குறைப்பது, பிரிண்டுக்கு அனுப்புவது என எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதில் கை வைக்கப் பயப்படுவது நியாயம்தான்.

பிரித்த பிறகும் பில் தொகை மாறக் கூடாது. அதனால் முதலில் டெஸ்ட். பழைய பில்களில் வகைக்கு ஒன்றாக எடுங்கள்: உள் மாநிலம், வெளி மாநிலம், தள்ளுபடி உள்ளது, வரி இல்லாத பொருள், பைசாவில் முடிவது. இப்போதைய மெத்தட் தரும் விடையை அப்படியே சேமித்து, அதோடு ஒப்பிடும் டெஸ்ட் எழுதுங்கள். விடை சரியா தவறா என்பதை அப்புறம் பார்க்கலாம். பைசா வரை ஒப்பிடுவது முக்கியம். மூன்று பொருட்களுக்குத் தலா 33.5 பைசா வரி என்றால், தனித்தனியாக ரவுண்ட் செய்து கூட்டினால் 102 பைசா. கூட்டிவிட்டு ரவுண்ட் செய்தால் 101. கோடைப் பிரிக்கும்போது ரவுண்ட் செய்யும் லைன், ஒவ்வொரு பொருளுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் நழுவிவிட்டால் இந்த ஒரு பைசாதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, உடனே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். வேரியபிள்களைப் பாருங்கள். நீண்ட மெத்தடைப் பிரிக்க விடாமல் கட்டிப் போடுவது பெரும்பாலும் அவைதான். நம் மெத்தடின் தலையில் ‘டோட்டல்’ என்று ஒன்று இருக்கிறது. லூப் முடியும்போது அது தள்ளுபடி போன, வரிக்கு முந்தைய மதிப்பு. இருபது லைன் கழித்து அதிலேயே வரியையும் கூட்டுகிறார்கள். அதன் பிறகு முழு ரூபாயாக்கி, மறுபடியும் அதற்குள்ளேயே வைக்கிறார்கள். பிரிண்டில் வரிக்கு முந்தைய மதிப்பும் வேண்டுமே, அதற்காக நடுவில் ‘டெம்ப்2’ என்று இன்னொன்று. ஒரே பெயரில் மூன்று தொகைகள்! இதை ‘டாக்ஸபிள்வேல்யூ’, ‘அமவுண்ட்வித்டாக்ஸ்’, ‘பேயபிள்’ என மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு முறைதான் மதிப்பு கொடுக்க வேண்டும். ‘டெம்ப்2’ தானாகவே தேவையில்லாமல் போகும். டெஸ்ட்டை ஓட்டுங்கள், கமிட் செய்யுங்கள் (மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்). பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

இனி பிரிப்பது சுலபம். எங்கே வெட்டுவது என்பதைப் பழைய கமெண்ட்டுகளே சொல்லும். ‘வரி கணக்கு’ என்று கமெண்ட் இருந்தால் அதற்குக் கீழே இருப்பது ஒரு மெத்தட். அந்த லைன்களைத் தேர்ந்தெடுத்து, கோடு எழுதும் கருவியில், அதாவது இன்டெல்லிஜேயில் கன்ட்ரோல்+ஆல்ட்+எம், எக்லிப்ஸில் ஆல்ட்+ஷிஃப்ட்+எம் அழுத்துங்கள். கையால் கட், பேஸ்ட் செய்ய வேண்டாம். என்னென்ன பாராமீட்டர் (மெத்தடுக்குள் அனுப்பும் மதிப்பு) தேவை என்பதைக் கருவியே கண்டுபிடிக்கும். ஏழெட்டு பாராமீட்டர் கேட்டால் வெட்டிய இடம் சரியில்லை. அன்டூ செய்துவிட்டு, சற்று மேலேயோ கீழேயோ பாருங்கள். ஸ்டாக்கைக் குறைக்கும் கோடு கணக்குப் போடும் மெத்தட் எதற்குள்ளும் போகக் கூடாது. தொகையை மட்டும் தெரிந்துகொள்ள அந்த மெத்தடை அழைத்தால் ஸ்டாக்கும் குறைந்துவிடும்.

‘ஒரு மெத்தட் இத்தனை லைனுக்குள் இருக்க வேண்டும்’ என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே நடப்பதைச் சொல்லும் பெயர் கிடைத்தால் பிரியுங்கள். ‘பார்ட்1’, ‘பார்ட்2’ என்றுதான் பெயர் வருகிறதா? சேர்ந்தே இருக்கட்டும்.

இஃப் கண்டிஷன்களுக்கும் இதேபோல் பெயர் வையுங்கள். நம் கோடில் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்ணிலும் மாநிலத்தைக் குறிக்கும் முதல் 2 இலக்கம் ஒன்றா என்று பார்த்து, ஒன்றென்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநில ஜிஎஸ்டி), இல்லையென்றால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) போடுகிறார்கள். அதைத் தனியே எடுத்து ‘ஒரே மாநில விற்பனையா’ என்ற பொருளில் பெயர் வைத்த உடனேயே கேள்வி வரும். சட்டம் பார்ப்பது வழங்கல் நடக்கும் இடத்தை. சென்னை ஹோட்டலில் தங்கும் பெங்களூரு நிறுவனத்து ஆளுக்கும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான். இந்தக் கண்டிஷனோ அவருக்கு ஐஜிஎஸ்டி போடும். அதை இதே கமிட்டில் திருத்தாதீர்கள். குறித்து வைத்து, பிரிக்கும் வேலை முடிந்ததும் புதிய டெஸ்ட்டோடு தனி கமிட்டாகப் போடுங்கள்.