பழைய மாஸி 1035 டிராக்டர்ல லிப்ட் தூக்கலையா, பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் வச்சிருக்குறவங்களுக்கு என்னைக்காவது ஒரு நாள் இந்த தொல்லை வந்தே தீரும். ஒன்பது கொழு கலப்பைய மாட்டி லிவர தூக்குனா பின்னாடி கலப்பைய தூக்குற லிப்ட் கை அசையாம நிக்கும், இல்லன்னா பாதி தூரம் வந்து உதறிக்கிட்டே நிக்கும், இல்லன்னா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கலப்பை தரையில உக்காந்திருக்கும். பாக்க வர்ற எல்லாரும் ஒரே வார்த்தை தான் சொல்லுவாங்க, பம்ப் போச்சு. நம்பி பம்ப மாத்துவாங்க, செலவும் ஆயிடும், உழவு நேரமும் போயிடும், அப்புறமும் அதே உதறல் இருக்கும். நான் பாத்த வரைக்கும் இந்த வண்டியில பம்ப் தான் குத்தவாளின்னு முடியுறது கம்மி, எண்ணெய், ஓரிங்குன்னு சொல்ற ரப்பர் வளையம், பிஸ்டன் ரிங், ஒட்டிக்கிட்ட வால்வு இதுங்க தான் ஜாஸ்தி. அதனால வரிசையா பாத்துட்டு பம்ப கடைசியா வையுங்க.

முதல்ல இந்த வண்டியோட ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்துல தூக்குற அமைப்பு, எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிக்கணும், அது தெரியாம கழட்டுனா எங்க தேடுறதுன்னே புரியாது. இது ஹாரி ஃபெர்குசன் கொண்டு வந்த சிஸ்டம், இங்கிலாந்துல 1946ல வந்த சின்ன சாம்பல் கலர் ஃபெர்குசன் டிஇ 20 டிராக்டர்ல இருந்தது தான் மாஸி 35க்கு வந்து, அங்கேர்ந்து சென்னை டாஃபே டிராக்டர் கம்பெனி போட்ட 1035க்கும் வந்துச்சு. பம்ப் வெளியில இருக்காது, சீட்டுக்கு கீழ இருக்குற சென்டர் ஹவுசிங்ல அடியில எண்ணெய்க்குள்ள முங்கி கிடக்கும். பி.டி.ஓ. லைன் ஷாஃப்ட்டு, அதாவது ரோட்டவேட்டர் மாதிரி கருவிய சுத்த வைக்க பின்னாடி வர்ற ஷாஃப்ட்டோட லைன், தான் அத சுத்துது. அதனால தான் கிளட்ச முழுசா மிதிச்சா லிப்ட்டும் நின்னுடுது.

இதுல முக்கியமான விஷயம், கண்ட்ரோல் வால்வு பம்போட உறிஞ்சுற பக்கத்துல இருக்கு. நிறைய வேற வண்டியில பம்ப் எண்ணெய சுத்த விட்டுக்கிட்டே இருக்கும், தேவைப்படும் போது வால்வு அத சிலிண்டருக்கு திருப்பி விடும். இதுல அப்படி இல்ல. லிவர தூக்குனா வால்வு உறிஞ்சுற வழிய திறக்குது, பம்ப் எண்ணெய இழுத்து, நேரா நிக்கிற ஸ்டாண்ட் பைப் வழியா மேல இருக்குற சிலிண்டருக்கு அனுப்புது. கை வேண்டிய உயரத்துக்கு வந்ததும் வழி மூடிக்கும், பம்ப் சும்மா சுத்தும். இறக்குனா எண்ணெய் திரும்ப ஹவுசிங்குக்கே வடிஞ்சிடும். ஆக வால்வு மூடி இருக்குற நேரத்துல கலப்பைய தாங்குறது உள்ள அடைஞ்சி நிக்கிற எண்ணெய் மட்டும் தான், அது எங்கயாவது துளி துளியா கசிஞ்சாலும் கை இறங்கும், இறங்குனது தெரிஞ்சதும் வால்வு திறந்து திரும்ப தூக்கும், திரும்ப கசியும். நீங்க பாக்குற உதறல் இது தான். உதறுதுன்னா பம்ப் தூக்குதுன்னு அர்த்தம், கசிவ தான் தேடணும்.

இப்ப எண்ணெய். வண்டிய மட்டமான இடத்துல நிறுத்தி, லிப்ட் கைய முழுசா இறக்கிட்டு டிப்ஸ்டிக் பாருங்க, தூக்கி வச்சிக்கிட்டு பாத்தா அளவு தப்பா காட்டும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூணுக்கும் ஒரே எண்ணெய், சுமாரா 30 லிட்டர் பிடிக்கும். டிப்பர் டிரைலருக்கு லைன் எடுத்து ஓட்டுற வண்டியா இருந்தா டிரைலர் சிலிண்டர் இறங்கி இருக்கும்போது அளவு பாருங்க, அந்த சிலிண்டர் உள்ள இழுத்துக்குற எண்ணெய் போக மிச்சம் பம்புக்கு பத்தணும். அப்புறம் டிரைலர் டிரைலரா மாத்தி மாட்டும்போது அவங்க வண்டி அழுக்கு எல்லாம் நம்ம ஹவுசிங்குக்குள்ள வந்துடும், கப்ளிங்க துடைக்காம மாட்டாதீங்க.

எண்ணெய் மோர் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி கலந்திருக்கு. சேத்துழவு ஓட்டுற வண்டியில இது சகஜம், கேஜ் வீல்ங்குற இரும்பு கூண்டு சக்கரம் போட்டு முழங்கால் சேத்துல ரோட்டவேட்டர் ஓட்டும்போது பி.டி.ஓ. சீல், கியர் லிவர் ரப்பர், டிப்ஸ்டிக் ஓட்டை எது லூசா இருந்தாலும் தண்ணி உள்ள போயிடும். அந்த தண்ணியோட வண்டிய கோடை முழுக்க கொட்டாயில போட்டு வச்சா பம்புக்குள்ள வால்வு துருப்பிடிச்சி ஒட்டிக்கும், அடுத்த சம்பாவுக்கு எடுக்கும்போது லிப்ட் தூக்காது, இல்ல தூக்குனது இறங்காது. வெள்ளையா இருந்தா மேல டாப் அப் பண்ணாதீங்க, முழுசா இறக்குங்க, அடியில ஒண்ணுக்கு மேல டிரெய்ன் பிளக் இருக்கு, எல்லாத்தையும் கழட்டி ராத்திரி முழுக்க வடிய விடுங்க. புதுசா ஊத்துறது மேனுவல்ல போட்டிருக்குற கிரேடா இருக்கட்டும். கியர்பாக்ஸ்ல சத்தம் கம்மியாகும்னு கெட்டியான கியர் ஆயில் ஊத்துற பழக்கம் ஒண்ணு இருக்கு, காலைல குளிர்ல பம்பால அத இழுக்க முடியாது, லிப்ட் அரை மனசா வரும். குளிர்ல சரியா தூக்கி சூடானதும் தொய்யுதுன்னா அது வேற கதை, எண்ணெய் தண்ணியா இளகுனதும் தேஞ்ச ரிங்கு வழியா, இல்ல தேஞ்ச பம்ப் வழியா ஒழுகுதுன்னு அர்த்தம்.

எண்ணெய் சரியா இருக்கு, ஆனா லிப்ட் சுத்தமா அசையவே இல்லன்னா ஒரு சுலபமான சோதனை இருக்கு. பி.டி.ஓ. லிவர இன்ஜின் பக்கம் போட்டு பின்னாடி ஷாஃப்ட்டு சுத்துதான்னு தள்ளி நின்னு பாருங்க. அதுவும் சுத்தலன்னா பம்புக்கே சுத்து போகல, கிளட்ச் பக்கம், டிரைவ் ஷாஃப்ட்டு பக்கம் போய் பாக்கணும், லிப்ட் மூடிய திறக்குறதே வீண் வேலை. அது சுத்துது, லிப்ட் மட்டும் வரலன்னா வால்வு ஒட்டியிருக்கணும், இல்ல மேலேர்ந்து வால்வுக்கு இறங்குற லிவர் இடம் தவறியிருக்கணும்.

வெளியில இன்னொண்ணு, டாப் லிங்க், அதாவது கலப்பைய மேல பிடிக்கிற ராடு, மாட்டுற இடத்துக்கு உள்ள இருக்குற கண்ட்ரோல் ஸ்பிரிங். கலப்பை மண்ணுல எவ்வளவு இழுக்குதுன்னு வண்டிக்கு சொல்றது இது தான். இத கையால பிடிச்சி முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஆட்டமே இருக்கக் கூடாது, ஆனா கையால திருகுனா சுத்தணும். ஆட்டம் இருந்தா உழும்போது ஆழம் ஒரே சீரா நிக்காது, ஒரு இடம் ஆழமா போகும் ஒரு இடம் மேலாப்புல கீறும், அத லிப்ட் கோளாறுன்னு நினைச்சி உள்ள எல்லாத்தையும் நோண்டிடுவாங்க. ரப்பர் கவர் கிழிஞ்சி மண்ணு போயிருந்தா கழட்டி கழுவி புது கவர் போடுங்க.

அடுத்தது சைடு கவர் திறந்து பாக்குறது, என்னைக் கேட்டா மொத்த வேலையில இது தான் ரொம்ப உபயோகம். முதல்ல வண்டிய நல்லா கழுவுங்க, காஞ்ச சேறு ஒரு கட்டி உள்ள விழுந்தாலும் நாளைக்கு பம்புல தான் போய் நிக்கும். கவர் மட்டத்துக்கு கீழ வர்ற அளவு எண்ணெய சுத்தமான கேன்ல இறக்கிட்டு வலது பக்க கவர கழட்டுங்க. கலப்பைய மாட்டி இன்ஜின ஸ்லோல விட்டு லிப்ட தூக்கி, டார்ச் அடிச்சி உள்ள பாருங்க. மேல சிலிண்டர் வாயிலேர்ந்து எண்ணெய் ஊத்துனா பிஸ்டன் ரிங். நடுவுல ஸ்டாண்ட் பைப் அடியில பீச்சுனா அங்க இருக்குற ஓரிங். சேஃப்டி வால்வுலேர்ந்து வந்தா அதிக பாரம், இல்ல அந்த வால்வே வீக். எங்கயும் கசிவு தெரியல ஆனா கை இறங்குதுன்னா அப்ப தான் பம்போட உள் வால்வுங்க மேல சந்தேகப்படணும்.

இத பண்ணும்போது தோள்ல துண்டு, தொங்குற லுங்கி எதுவும் வேண்டாம், உள்ள ஷாஃப்ட்டு சுத்திக்கிட்டு இருக்கு. கைய உள்ள விடவே கூடாது. பீச்சுற எண்ணெய விரல வச்சி தேடாதீங்க, அட்டைய நீட்டி பாருங்க, அந்த பிரஷருக்கு எண்ணெய் ஊசி போட்ட மாதிரி தோலுக்குள்ள இறங்கிடும், வெளிய சின்ன புள்ளி தான் தெரியும், வலி கூட அப்ப இருக்காது, ஆனா உள்ள சதை அழுக ஆரம்பிச்சிடும். அப்படி பட்டா வீட்ல மஞ்சள் வச்சிக்கிட்டு உக்காராம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போயி ஹைட்ராலிக் எண்ணெய் உள்ள போயிடுச்சின்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. தூக்கி நிக்கிற கலப்பைக்கு அடியில போறதா இருந்தா கட்டை முட்டு கொடுத்துட்டு தான் போகணும், நல்லா இருக்குற லிப்டா இருந்தாலும் சரி.

வால்வு ஒட்டியிருந்தா இதே ஓட்டை வழியா சரி பண்ண பாக்கலாம். இன்ஜின ஆஃப் பண்ணி, கலப்பைய கழட்டி வச்சிட்டு, பம்ப் மேல இருக்குற கண்ட்ரோல் லிவர கையால முன்ன பின்ன தள்ளுங்க, டீசல ஊத்தி ஊற விட்டு திரும்ப தள்ளுங்க. சுத்தியல் வேண்டாம், ஸ்குரூ டிரைவர வச்சி நெம்பாதீங்க, அந்த வால்வு வளைஞ்சா தான் நிஜமாவே பம்ப் செலவு. இளகி தானா திரும்பி வர ஆரம்பிச்சா வேலை முடிஞ்சிது, எண்ணெய மட்டும் மாத்திடுங்க.

ரிங்கு, ஓரிங்குன்னு தெரிஞ்சா மேல லிப்ட் கவர தூக்கணும். இது தனி ஆளா பண்ற வேலை இல்ல, கவர் நல்ல கனம், செயின் பிளாக் இருந்தா நல்லது, இல்லன்னா ரெண்டு மூணு பேரு வேணும். சீட்ட கழட்டி, லிப்ட் கையிலேர்ந்து ராடு ரெண்டையும் விடுவிச்சி, முன்னாடி மூலையில ஸ்டாண்ட் பைப்புக்கு மேல மூடி மாதிரி இருக்குற டிரான்ஸ்பர் கேப்ப எடுத்துட்டு ஸ்டாண்ட் பைப்ப மேல உருவிடுங்க. இத உருவாம கவர தூக்குனா பைப் வளையும். தூக்கும்போது நேரா தூக்கணும், அடியில தொங்குற லிவர் ஹவுசிங்ல இடிச்சி வளையக் கூடாது, ஒருத்தர் சைடு ஓட்டை வழியா பாத்து சொல்லிக்கிட்டே இருக்கட்டும். கவர தலைகீழா மரக்கட்டை மேல வச்சதும் போட்டோ எடுத்துக்குங்க, அதுல இருக்குற அட்ஜஸ்ட்மென்ட் நட்டு எதையும் தொடாதீங்க, தொட்டுட்டா மேனுவல் வச்சி முழு செட்டிங்கும் பண்ண வேண்டி வரும்.

சிலிண்டர கழட்டி பிஸ்டன எடுத்து உள்பக்கம் விரல் நகத்தால தடவி பாருங்க. நகம் மாட்டுற அளவு கோடு இருந்தா புது ரிங்கு போட்டும் பிரயோஜனம் இல்ல, சிலிண்டரையும் பிஸ்டனையும் சேத்தே மாத்திடுங்க. சும்மா மங்கலா இருந்தா நைஸ் எமரி பேப்பர டீசல்ல நனைச்சி லேசா தேய்ச்சி கழுவுனா போதும். ரிங்கு வாய்ங்க ஒரே நேர்ல இல்லாம தள்ளி தள்ளி வையுங்க. ஓரிங் விஷயத்துல தயவு செஞ்சி தண்ணி பைப்புக்கு போடுற வாசர போடாதீங்க, எண்ணெய்ல ஊறி உப்பி பிஞ்சிடும், எண்ணெய்க்குன்னு இருக்குற நைட்ரைல் ஓரிங்கா கேட்டு வாங்குங்க, பழசையும் கையோட எடுத்துட்டு போயி அளவு வச்சி பாருங்க. கவர் வெளிய இருக்கும்போதே லிப்ட் ஷாஃப்ட்டு ரெண்டு பக்க சீலையும் மாத்திடுங்க, கை ஓரமா எண்ணெய் ஒழுகுறது அங்கேர்ந்து தான்.

மாட்டும்போது கேஸ்கட் புதுசு, பழைய கேஸ்கட் துணுக்கு ஹவுசிங்குக்குள்ள விழாம துணிய அடைச்சிட்டு சுரண்டுங்க, பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். கவர இறக்கும்போது லிவர் பம்ப் கண்ட்ரோல்ல சரியா உக்காருதான்னு சைடு ஓட்டை வழியா பாருங்க, நிறைய பேருக்கு எல்லாம் மாட்டி எண்ணெய் ஊத்துனதுக்கு அப்புறம் லிப்ட் வராம போறது இந்த ஒரு இடத்துல தான். ஸ்டாண்ட் பைப் கடைசியா, ஓரிங்ல எண்ணெய் தடவி நேரா இறக்குங்க. போல்ட்டுங்கள குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க.

எண்ணெய ஊத்திட்டு இன்ஜின ஸ்லோல விட்டு, எதுவும் மாட்டாம லிவர ஒரு பத்து தடவை ஏத்தி இறக்குங்க, காத்து இருந்தா அதுலயே வெளியேறிடும். அளவ திரும்ப பாத்து குறைஞ்சிருந்தா ஊத்துங்க. அப்புறம் கலப்பைய மாட்டி தூக்கி, லிப்ட் கையில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு இன்ஜின நிறுத்துங்க. பழைய வண்டி மணிக்கணக்குல நின்னா கொஞ்சம் இறங்கத் தான் செய்யும், சில நிமிஷத்துலயே கண்ணுக்கு தெரிய இறங்குனா எங்கயோ ஓரிங் சரியா உக்காரல. இவ்வளவும் சரியா இருந்தும் பாரத்தோட தூக்கலன்னா, டிரான்ஸ்பர் கேப்புல கேஜ் மாட்டி பிரஷர் பாக்கச் சொல்லி பட்டறையில கேளுங்க. அந்த அளவு மேனுவல்ல இருக்குறத விட ரொம்ப கம்மியா காட்டுச்சுன்னா பம்ப கழட்டச் சொல்லுங்க, பி.டி.ஓ. ஷாஃப்ட்ட உருவி எடுக்குற வேலை அது, பட்டறையில தான் ஆகும், அப்ப கூட புது பம்ப் விலை கேக்குறதுக்கு முன்னாடி வால்வு, சீல் கிட்டு போட்டு பாக்கலாமான்னு கேளுங்க.