ஹுவான் டி லா கோசாவின் வரைபடத்தைப் படியெடுக்கும் முறை

கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்தில் சாந்தா மரியா கப்பலின் உரிமையாளராகச் சென்ற ஹுவான் டி லா கோசா, 1500-இல் தோலில் வரைந்த உலக வரைபடமே, அமெரிக்கக் கரைகளைக் காட்டும் ஐரோப்பிய வரைபடங்களுள் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. மூலம் மாட்ரிட் கடற்படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைப் பிள்ளைகளோடு முழு அளவில் படியெடுக்கச் செட்டிநாட்டு வீட்டு வளவைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஏறத்தாழ 183 செ.மீ. நீளமும் 96 செ.மீ. அகலமும் கொண்ட தாளை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விரித்து, கற்களின் இணைப்புக் கோடுகளை ஒட்டியே கட்டங்களை இடுங்கள். முதலில் திசைக்கோடுகளை வரைய வேண்டும். மையங்களிலிருந்து எல்லாப் பக்கமும் விரியும் அவற்றை, தச்சர் நூலடிப்பதைப் போல, சாயம் தோய்த்த நூலைச் சுண்டி இடுவதே துல்லியமானது. இதில் அவசரம் கூடாது. மாலுமிகள் கப்பலின் போக்கைக் கணித்தது இக்கோடுகளைக் கொண்டுதான்.

பிறகு கரைகள். கியூபாவைத் தீவாகவே வரையுங்கள். அது பெருநிலத்தின் பகுதி என்று 1494-இல் கொலம்பஸ் தம் மாலுமிகளிடம் உறுதிமொழி வாங்கினார். அதில் கோசாவும் ஒருவர். அப்படியிருந்தும் தம் படத்தில் அதைத் தீவாகக் காட்டிய அவருடைய துணிவைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். புதிய நிலத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டி, மேற்கு ஓரத்தில் குழந்தை இயேசுவைச் சுமக்கும் புனித கிறிஸ்தோபரை வரைந்து, அதன் கீழே கோசாவின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள்.