சங்கக் கணக்கு: பேங்கில் இருக்கும் பணத்தில் எது யாருக்கு?

பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் எங்கள் சங்கம். டியூஷன் வகுப்பு, கல்வி உதவி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், இவைதான் வேலை. நான் பொருளாளரான இரண்டாம் ஆண்டு, பேங்கில் 8,450 ரிங்கிட் இருக்கிறது என்று செயலவையில் சொன்னேன். உடனே விளையாட்டுப் போட்டிக்கு 5,000 ஒதுக்கினார்கள். ஆனால் அந்த 8,450-இல் 5,200 டியூஷனுக்கென்றே வந்த பணம். இரண்டு மாதம் கழித்து டியூஷன் ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன்.

முதலில் கூகள் ஷீட்ஸில் ஒரே தாள்: தேதி, ரசீது எண், விவரம், வரவு, செலவு, நிதி. சிறிய சங்கத்துக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். ஷீட்ஸ் என்றால் தலைவரும் செயலாளரும் கைப்பேசியிலேயே பார்ப்பார்கள்.

அடுத்து, அந்தத் தாளின் கடைசி நெடுவரிசையான 'நிதி', அதாவது பணம் எந்த வேலைக்கு உரியது என்பது. உயிர் அங்கேதான். ஒவ்வொரு வரியிலும் 'பொது', 'டியூஷன்', 'பந்தல்' என ஒன்று இருந்தே ஆக வேண்டும். ரசீது எழுதும்போதே "எதுக்குங்க ஐயா?" என்று கேட்டு, ரசீதிலும் எழுதுங்கள். ஒருவர் 1,000 கொடுத்து, 700 டியூஷனுக்கு, 300 பந்தலுக்கு என்றால் இரண்டு வரியாகப் பிரியுங்கள். பிறகு சம்இஃப்ஸ் (SUMIFS, குறிப்பிட்ட வரிகளை மட்டும் கூட்டும் ஷீட்ஸ் சூத்திரம்) வைத்து ஒவ்வொரு நிதியிலும் மீதி எவ்வளவு என்று கூட்டுங்கள். செயலவைக்கு இந்த மீதிகளைத்தான் சொல்ல வேண்டும், பேங்க் மீதியை மட்டும் அல்ல.

ரொக்கத்தை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டு, முழுவதையும் பேங்கில் போடுங்கள். வந்த காசிலேயே பந்தலுக்கு ஐஸ் வாங்கினால் வரவும் தெரியாது, செலவும் தெரியாது.

மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுங்கள். நம் கணக்கில் 8,450. கொடுத்த காசோலை 600 இன்னும் மாற்றப்படவில்லை. 150 ரொக்கம் இன்னும் கட்டவில்லை. அப்படியென்றால் பேங்கில் 8,900 இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே தேடுங்கள். மாதாமாதம் இது நடந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பும்போது பதற்றமே இருக்காது.

ஒன்று சொல்ல மறந்தேன். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் கிடைக்காத சங்கம், ரசீதில் 'வரிவிலக்கு உண்டு' என்று அச்சடிக்கக் கூடாது. நன்கொடையாளரைத் தவறாக நம்பவைப்பது பெரிய தவறு.

பின்சேர்க்கை: டூயிட்நவ் கியூஆர் (கைப்பேசியில் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் முறை) வழியாக வரும் பணம் எந்த நிதிக்கு என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நாங்களும் அதில் திணறினோம். இப்போது பந்தலில் ஒட்டும் தாளிலேயே 'குறிப்பில் நோக்கத்தை எழுதவும்' என்று போடுகிறோம். அப்படியும் குறிப்பில்லாமல் வந்தால் 'தெரியாதது' என்ற தனி நிதியில் வைத்து, கொடுத்தவரை விசாரித்த பிறகே செலவுக்கு எடுக்கிறோம்.