சத்துமாவிலும் மாம்பழ பானத்திலும் வே புரோட்டீன் சேர்க்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேழ்வரகுச் சத்துமாவு, ராகி பிஸ்கட், நிலக்கடலை உருண்டை, மாம்பழ பானம் போன்றவற்றைத் தயாரிக்கும் சிறு தொழில்கூடத்தார் பலர், தங்கள் பொருளில் வே புரோட்டீன், அதாவது பால் உறைந்தபின் வடியும் நீரில் உள்ள புரதத்தூள், சேர்க்க எண்ணும்போது, எத்தனை சதவீதம் சேர்க்கலாம் என்பதையே முதலில் கேட்கிறார்கள். அளவு எளிய கணக்குதான். செய்முறையின் எந்தக் கட்டத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு புளிப்புள்ள கலவையில் அதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பொருள் நன்றாக வருவதும் திரிந்துபோவதும் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றியே பேசுகிறது.

பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம், பால் உறையும்போது கட்டியாகும் கேசீன். மீதி 20 சதவீதம் வே. சீஸ் தயாரிப்பில் பால் உறைந்து கட்டியானபின் வடியும் நீரை நுண்வடிகட்டிகள் வழியே செலுத்தி, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையையும் உப்புகளையும் பிரித்துவிட்டு, தெளிப்பு முறையில் உலர்த்தினால் கிடைப்பதே கடைகளில் விற்கும் தூள். இதில் 'கான்சன்ட்ரேட் 80' என்ற வகையில் ஈரம் நீக்கிய கணக்கில் 80 சதவீதம் புரதம் இருக்கும். ஐந்து சதவீத அளவுக்கு ஈரமும் இருப்பதால், கையில் உள்ள தூளில் 76 சதவீதம் என்று கொள்வதே சரி. 'ஐசொலேட்' வகையில் 90 சதவீதம் புரதம் இருக்கும்; லாக்டோஸும் கொழுப்பும் மிகக் குறைவு. 'கான்சன்ட்ரேட் 35' விலை குறைவாகத் தோன்றினாலும், அதில் பாதியளவு லாக்டோஸ்தான். மாவு, உருண்டை, பிஸ்கட் ஆகியவற்றுக்குக் கான்சன்ட்ரேட் 80 போதும். ஐசொலேட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது பானத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பன்னீர் போடுபவர்கள், வடியும் தண்ணீரைக் காய்ச்சியே இந்தத் தூளைத் தயாரிக்கலாமா என்று கேட்பதுண்டு. பன்னீருக்குப் பாலை நன்றாகச் சூடாக்கிய பிறகே புளிப்பு சேர்ப்பதால், வே புரதத்தின் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிப் பன்னீரிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீரில் மிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதை வற்றக் காய்ச்சினால் கிடைப்பது பெரும்பாலும் லாக்டோஸும் உப்பும்தான். அன்றன்றே மாவு பிசைவதற்கு அந்தத் தண்ணீர் நன்றாகப் பயன்படும். சாக்கடையில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். கழிவுநீராகப் பார்த்தால் வீட்டுச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு மாசு அதில் உண்டு.

கேழ்வரகோடு வே சேர்ப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், புரதம் ஏழு கிராம் மட்டுமே. அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. வேயில் லைசின் நிறைந்திருக்கிறது. ஆனால் லைசினுக்கு ஒரு பலவீனம் உண்டு: சர்க்கரையோடு சேர்ந்து அதிகச் சூட்டில் கிடந்தால் அது பழுப்பு நிறமாக மாறும் வினையில் வீணாகிறது. எனவே வேயைத் தானியத்தோடு சேர்த்து வறுக்கக் கூடாது.

சத்துமாவுக்கு முதலில் தானியங்களையும் பருப்புகளையும் வழக்கம்போல் வறுத்து அரைத்துச் சலித்து, மாவு முழுவதுமாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் நடுவில் வெதுவெதுப்பு தெரியக் கூடாது. அந்தச் சூட்டிலிருந்து கிளம்பும் ஆவியை வே தூள் உறிஞ்சிக்கொண்டு, பைக்குள் இரண்டு வாரத்தில் கட்டி கட்டியாகிவிடும். பத்து கிலோ மாவுக்கு எட்டரை கிலோ தானிய மாவும் ஒன்றரை கிலோ கான்சன்ட்ரேட் 80-உம் எடுத்தால், தானிய மாவில் பத்து சதவீதம் புரதம் என்ற கணக்கில் 850 கிராமும், வேயிலிருந்து 1,140 கிராமும் சேர்ந்து, ஏறத்தாழ 20 சதவீதப் புரதம் கிடைக்கும்; முப்பது கிராம் மாவில் ஆறு கிராம். இதற்கு மேல் ஏற்றினால் கேழ்வரகின் மணம் அடங்கிப் பால் பவுடர் வாசனை மேலோங்குகிறது என்பது என் கருத்து. ஒன்றரை கிலோ தூளையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் சீராகப் பரவாது. முதலில் அதே எடை மாவோடு கலந்து சலித்து, அந்தக் கலவையை அதன் எடைக்குச் சமமான மாவோடு கலந்து, இப்படியே இரட்டித்துக்கொண்டு போக வேண்டும். நிரப்புவதற்கு அலுமினியப் படலம் உள்ள பை அவசியம். சாதாரணப் பாலிதீன் பை மழைக்காலத்தைத் தாங்காது.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கோட்டைவிடும் இடம், உறையில் அச்சிடும் செய்முறைக் குறிப்பு. நம் வீடுகளில் சத்துமாவு என்றாலே கரைத்து அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுவார்கள். வே புரதம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகிறது. கஞ்சியில் ரவை போன்ற வெண்ணிறத் துகள்கள் மிதக்கும், நாக்கில் மணல்போல் படும். சத்துக்கு அதனால் பெரிய கேடில்லை, ஆனால் வாங்கியவர் மாவு கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டுவார். இதைத் தவிர்க்க, தானிய மாவைப் பெரிய பையிலும் வே தூளைச் சிறு பையிலுமாகத் தனித்தனியே வைத்து, கஞ்சியை இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியபின் வேயை ஆறிய பாலில் கரைத்து ஊற்றும்படி எழுதுவதே சிறந்த வழி. ஒரே பைதான் வேண்டுமென்றால், கொதிக்கவைக்கத் தேவையில்லாதபடி தானியத்தை நன்றாக வறுத்தோ பொரித்தோ அரைக்க வேண்டும். களிக்கு வே சேர்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அத்தனை சூட்டில் துடுப்பு போட்டுக் கிளறும் உணவில் அது தேறாது.

கிருஷ்ணகிரிப் பகுதிக் கூழ் ஆலைகளில் பெங்களூரா என்ற மாம்பழ வகையின் கூழ் தாராளமாகக் கிடைப்பதால், அதில் புரதம் சேர்த்த பானம் என்ற யோசனை இயல்பாகவே எழுகிறது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. புளிப்பைக் காட்டும் எண்ணான பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும்போது வே புரதத்தின் மின்னூட்டம் ஏறத்தாழ நடுநிலையாகி, சூடுபட்டவுடன் திரிந்து அடியில் தங்கும். மாங்கூழின் பிஎச் சுமார் 4; வே சேர்த்தால் அது இன்னும் மேலே ஏறி அந்த ஆபத்தான வரம்பை நெருங்கும். ஆகையால் பானத்தை 3.3-க்குப் பக்கத்தில் இறக்கிவிட வேண்டும்.

வரிசை இப்படி: 25 முதல் 40 டிகிரி வரையுள்ள தண்ணீரில் ஐசொலேட்டைத் தூவி, மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், மிக்ஸியை வேகமாக ஓட்டினால் நுரை எழும்பி அடங்கவே அடங்காது. அரை மணி நேரமாவது ஊறவிட்ட பிறகு, கரைத்து வைத்த சிட்ரிக் அமிலத்தைக் கலக்கிக்கொண்டே வேகமாக ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் அந்த வரம்பிலேயே நெடுநேரம் நிற்கும், பால்போல் கலங்கும். பிஎச் இறங்கிய பிறகே மாங்கூழையும் சர்க்கரையையும் சேர்த்து, மறுபடியும் அளந்து, தேவைப்பட்டால் திருத்திவிட்டுச் சூடாக்க வேண்டும். 200 மில்லி பாட்டிலில் ஆறு கிராம் புரதம், அதாவது மூன்று சதவீதம், தொடக்கத்துக்குப் போதும். புளிப்பான நிலையில் வே புரதம் உமிழ்நீரோடு சேர்ந்து நாக்கை வறட்டும் ஒரு துவர்ப்பைத் தரும். அளவை ஏற்ற ஏற்ற அதைச் சர்க்கரையால் மறைக்க முடியாமல் போகும். பிஎச் மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தாள் பட்டைகள் இந்த நுணுக்கத்துக்கு உதவா.

உருண்டையில் சிக்கல் வேறு. கடத்தூர்ச் சந்தை வெல்லத்தைப் பாகு காய்ச்சி, அது 60 டிகிரிக்குக் கீழே ஆறியபின் வேயைச் சேர்த்தால் பிடிக்க நன்றாகவே வரும். ஆனால் நாளாக ஆக, வே புரதம் பாகின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் உருண்டை கல்லாக இறுகும். பாகைச் சற்று இளக்கமாக வைப்பதும், வறுத்த நிலக்கடலையை எண்ணெய் விடும்வரை அரைத்துச் சேர்ப்பதும் இதைத் தள்ளிப்போடும். பிஸ்கட்டில் மாவின் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம்வரை வேயாக மாற்றலாம். சீக்கிரம் சிவக்கும் என்பதால் அடுப்பின் சூட்டைப் பத்து டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

தூள் வாங்கும்போது, ஆய்வுச் சான்றில் மொத்தப் புரதத்தோடு அமினோ அமிலப் பட்டியலையும் கேட்க வேண்டும். புரதத்தை நைட்ரஜன் அளவைக் கொண்டே கணக்கிடுவதால், கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்ட முடியும். சீஸுக்குப் பாலை உறைய வைக்கப் பயன்பட்ட ரென்னெட் என்ற நொதி விலங்கிலிருந்து வந்ததா, நுண்ணுயிரிலிருந்து வந்ததா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். பச்சைப் புள்ளி இடுவது அதைப் பொறுத்தது. உறையில் பால் அடங்கியது என்ற ஒவ்வாமை அறிவிப்பு கட்டாயம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுக்கு 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்று உணவுகள் சட்டத்தின் கீழ்த் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதால், சத்துமாவு உறையில் கைக்குழந்தையின் படம் போடுவது வேண்டாம். புரத அளவை அச்சிடுவதற்கு முன், கணக்கிட்ட எண்ணை நம்பாமல், பைகளில் நிரப்பிய மாவின் முதல், நடு, கடைசிப் பகுதிகளிலிருந்து ஒவ்வொரு பை எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்று எண்களும் ஒத்து வராவிட்டால் கலக்கும் முறையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.